ஐந்து மணி மோட்டார்

எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் கடைசியில் அது என் மடியில்தான் வந்து விழும். அப்பாவின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு, பக்கத்து வீட்டு அத்தையின் மனு என்று எல்லாவற்றையும் நான்தான் நிரப்புவேன். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "எங்க வக்கீலு" என்பார் அப்பா. நான் படித்தது இயற்பியல். அதைச் சொன்னால், "ரெண்டும் இங்கிலீஷ்லதானே இருக்கு" என்பார்.

அப்படி நான் நிரப்பிய ஒரு படிவம் எங்கள் மூவரையும் ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கியது. அதில் நான் போட்ட ஒரு சிறு குறியை முதுகில் சுமந்தவள் அம்மா. இது அவளைப் பற்றியது.

அம்மா குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தது துடைப்பத்தோடு. நகரத்துப் பம்பிங் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்க வேண்டும், தொட்டியின் அடியில் படியும் வண்டலை வாளியில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் வாரத்தில் இரண்டு நாள் நேரில் வருவார். மற்ற நாட்களில் தொலைபேசியில் வருவார். "பச்சை பட்டனை அமுக்கும்மா. முள்ளு நடுவுல நிக்குதா? அவ்வளவுதான், வெச்சிடறேன்." ஒரு வருடம் கழித்துத் தொலைபேசியிலும் வருவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் நான்கு மோட்டார்களையும் ஓட்டியது அம்மாதான். காகிதத்தில் மட்டும் அவள் துப்புரவுப் பணியாளர், அதுவும் தற்காலிகம்.

மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் தாங்கும்" என்று சொல்வாள். அது சரியாகப் பத்து நிமிடம் தாங்கும். வீட்டில் அப்பாவின் குறட்டை சுருதி மாறினால், "பேரிங் போச்சு" என்று திரும்பிப் படுப்பாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எண்களில் தடுமாற்றமே கிடையாது. லாக் புக்கில் தினமும் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எழுத வேண்டும். அவளுடைய ஐந்தும் ஏழும் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பிக்கும். ஐந்து ஐந்துக்கு ஒருநாளும் ஆரம்பித்ததில்லை. ஒருமுறை மின்சாரம் வரத் தாமதமாகி, ஐந்து நாற்பதுக்குப் போட்டாள். "அஞ்சுன்னே எழுதிடும்மா, யாரு பாக்கப் போறா" என்றார், எப்போதாவது கையெழுத்துப் போட மட்டும் வந்துபோன ஆபரேட்டர். "அஞ்சு நாப்பதுக்குத்தானே சார் போட்டேன்" என்று அவள் அதையே எழுதினாள். அவருக்கு மேலிடத்தில் திட்டு விழுந்தது. அடுத்த மூன்று மாதம் அவர் அம்மாவோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததால் வேலை கெடவும் இல்லை.

இருபதாவது வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு சிறிய தீவில் நிரந்தர ஆபரேட்டர் பணியிடம் காலி. அனுபவம் இருந்தால் போதும், படிப்பு வேண்டாம். அங்கே போக யாரும் முன்வரவில்லை என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். படிவம் வழக்கம்போல என்னிடம் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: பணியிடத்தில் குடும்பத்துடன் தங்க விருப்பமா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஆம், இல்லை. நான் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டேன். யாரையும் கேட்கவில்லை. பரீட்சையில் எந்தக் கேள்வியையும் விட்டுவிடாமல் எழுதிப் பழகிய கை அது. இப்படிப் போட்டால் ஒரு மதிப்பெண் கூடும் என்று நினைத்ததாக ஞாபகம்.

மூன்று மாதம் கழித்து ஆணை வந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அந்த ஆறு மாதமும் குடும்பத்தினர் மூவரும் தீவில் உள்ள குவாட்டர்ஸில் தங்க வேண்டும். ஆறு மாத முடிவில் தண்ணீரின் தரமும் லாக் புக்கும் திருப்திகரமாக இருந்தால் பணி நிரந்தரம். நான் சத்தமாகப் படித்து முடித்தேன்.

"நான் எங்க போறது? கடல்ல ஆட்டோ ஓட்டவா?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். "குடும்பத்தோட வர்றோம்னு யாருடி எழுதினது?"

"நான்தாம்மா."

"நான் சொன்னேனா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் ஆணையின் முத்திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி. போட்டாச்சுல்ல" என்றாள்.

திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

படகில் இரண்டு மணி நேரம். அப்பா தன் ஆட்டோவை ஆறு மாதத்துக்கு ஒரு நண்பரிடம் விட்டுவிட்டு, அதன் கண்ணாடியில் தொங்கிய பொம்மையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் உலையில் அரிசி வேகும் நேரம். நான்கு தெரு, நூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு கடை, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். நடுவில் ஒரு கிணறு, அதன் மேல் பம்ப் ரூம், பக்கத்தில் நான்கு கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. பம்ப் ரூமின் சுவரோடு ஒட்டினாற்போல எங்கள் குவாட்டர்ஸ், இரண்டு அறை. மோட்டார் ஓடும்போது அந்தச் சுவரில் மாட்டிய கண்ணாடி மெல்ல நகரும். தலை வாரிக்கொண்டே நாமும் கூடவே நகர வேண்டும்.

முதல் நாள் ஊரைச் சுற்றிவிட்டு வந்த அப்பா சொன்னார்: "நல்ல ஊரு. மூணாவது கியர் போட்டா கடல்ல இருப்போம்."

அவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. படகுத்துறையில் போய் உட்காருவார், வரும் மூட்டைகளை இறக்கக் கை கொடுப்பார், வண்டியே இல்லாத ஊரில் போக்குவரத்து நெரிசல் கதைகள் சொல்வார். இரண்டாவது வாரம் ஊரே அவரை 'ஆட்டோ' என்று கூப்பிட ஆரம்பித்தது. அம்மா 'மோட்டாரம்மா'. நான் மோட்டாரம்மா பொண்ணு. ஒரு பள்ளிக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது, போகவில்லை. நான் கிளம்பிவிட்டால் மூவர் என்பது இருவர் ஆகிவிடும். ஆறு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறையில் உட்கார்ந்து நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முதல் நாளே பழைய லாக் புக்கைத் திறந்தாள். எங்களுக்கு முன் இருந்த ஆபரேட்டர், ஒரு மீசைக்காரராம், இரண்டு வருடம் இருந்திருக்கிறார். எழுநூற்றுச் சொச்சம் நாட்களும் போட்டது 5.00, நிறுத்தியது 7.00. ஒரு அடித்தல் இல்லை. வாரியத்தின் ஆணையிலும் அதே நேரம்தான்.

"ஒழுங்கான மனுஷன்" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து ஒரு ஆபரேட்டரைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

மறுநாள் ஐந்துக்குப் போட்டாள், ஏழுக்கு நிறுத்தினாள். நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வுகளைத் திறந்தாள். "தண்ணி நல்லா வருதா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். நகரத்தில் பத்தொன்பது வருடம் அவள் காதில் விழுந்ததெல்லாம் வசவு. இங்கே, "நல்லா வருதும்மா", "ரொம்ப நல்லா இருக்கும்மா", "நீங்க வந்த நேரம்" என்று காது குளிரக் கேட்டாள். போன வீட்டிலெல்லாம் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். "இந்த ஊரு ஜனங்க தங்கம்" என்றாள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. "என்ன சோப்பு இது, தேய்ச்சா தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், நுரையே காணோம்."

"கடைக்காரன் எந்தக் காலத்துல வாங்கி வெச்சதோ. வேற வாங்குங்க" என்றாள் அம்மா.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எங்கள் கூரைத் தண்ணீர் இருந்தது. மழை நீரைப் பிடித்துவைக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்று குவாட்டர்ஸோடு வந்தது. கிணற்றுத் தண்ணீரை நாங்கள் வாயில் வைக்கவே இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு முற்பகல், முதல் தெருவின் முதல் வீட்டில் குழாய் கசிவதாகத் தகவல் வந்தது. அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் முதல் குழாய் அக்கா என்பார்கள். துறையில் மீன் எடை போடுகிறவர், குரலுக்கு மட்டும் அளவு கிடையாது. அம்மா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். வெயில் கொளுத்தியது. அக்கா உள்ளே இருந்தார். கசிவை இறுக்கி முடித்த அம்மா, குழாயடியில் நிறைந்திருந்த வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டாள்.

"ஐயோ, அது வேணாம்!" என்று கத்திக்கொண்டே அக்கா ஓடிவந்தார். அதற்குள் அம்மா துப்பிவிட்டாள்.

"என்னக்கா இது? மீன் கழுவின தண்ணியா?"

அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்தார், துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"கடல் தண்ணி மாதிரி கரிக்குதே?"

"குழாய்ல வந்ததுதாம்மா."

"எந்தக் குழாய்ல?"

"எந்தக் குழாய்ல வரும்? நீங்க விட்டதுதான்."

அம்மா வாளியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"எல்லா நாளும் இல்லம்மா. ஒரு வாரம் நல்லா இருக்கும், ஒரு வாரம் இப்படி."

"நான் தினமும் கேட்டேனே! வாசல் வாசலா நின்னு கேட்டேனே! நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"சொல்லாம?" அக்காவின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு வந்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் குறை சொன்னோம். குறை சொன்ன மறுவாரம் ஒவ்வொருத்தரும் படகேறிட்டாங்க. ஒரு ஆளு தண்ணியில உப்புன்னு சொன்னதுக்கு, அப்படியே கிணத்துச் சாவியை என் தராசுல வெச்சுட்டுப் போனாரு. ரெண்டு மாசம் ஆளில்லாம கிடந்தோம். மீசைக்காரரு ஒருத்தர்தான் தங்கினாரு, அவரும் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. நீங்க குடும்பத்தோட வர்றீங்கன்னு கேட்டதும் ஊரே கூடி முடிவு பண்ணினோம். இந்தம்மாகிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு."

"அதுக்காக உப்புத் தண்ணியையா குடிப்பீங்க?"

"குடிக்கிறதுக்கு மழைத்தண்ணி வெச்சிருக்கோம். இல்லாதவங்களுக்குக் குடுக்குறோம். உங்களுக்குத் தேநீர் போட்டதும் அதுலதான்."

அம்மா அங்கேயே குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா இப்போது தணிந்த குரலில் சொன்னார்: "மீசைக்காரரு துறையில நின்னு பாப்பாரும்மா. தண்ணி இறங்கி நாலாவது படி தெரிஞ்சாத்தான் மோட்டார் போடுவாரு. மறுபடி அது முழுகுறதுக்குள்ள நிறுத்திடுவாரு. கடல் ஏறி நிக்கும்போது போட்டா கிணத்துக்குள்ள உப்பு வந்துடும்."

"அவரு அஞ்சு மணிக்குப் போட்டதாத்தானே எழுதியிருக்காரு?"

"எழுதுறதுக்கு என்னம்மா?"

வீட்டுக்கு வந்து அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். கேட்டாள். "கடல் ஏறுறது, இறங்குறது எல்லாம் உங்க படிப்புல வருமா?"

"வரும்மா."

"நீ படிச்சியா?"

"ரெண்டாவது வருஷம்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

நிலாவும் சூரியனும் கடலை இழுப்பதைப் படம் வரைந்து பத்து மதிப்பெண்ணுக்கு எழுதி எட்டு வாங்கியவள் நான். மூன்று மாதமாகத் துறைப் படிக்கட்டில் காலையில் சில நாள் இரண்டு படி, சில நாள் ஏழு படி தெரிவதைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் எங்கள் சுவரை உலுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கோடு போட எனக்குத் தோன்றவில்லை. படித்தது எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். விடைத்தாளோடு போய்விட்டது போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து அம்மாவின் கடிகாரம் உடைந்தது. கடல் இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று ஏழேகால் என்றால் நாளை எட்டு, மறுநாள் எட்டு ஐம்பது. அது மாலையைத் தாண்டியதும் காலையில் வேறொரு இறக்கம் கைக்கு வரும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. காற்று அடித்தால் கணக்கு பிசகும், துறைக்குப் போய்ப் படியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வாழ்நாளெல்லாம் நாலரைக்குத் தானாக விழிக்கும் உடம்பு, இப்போதும் நாலரைக்கு விழித்தது. விழித்து, செய்ய வேலை இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சமைக்கும் நேரத்தில் மோட்டார், சாப்பிடும் நேரத்தில் வால்வு, கண்ணயரும் நேரத்தில் படி. ஒரு நாளில் நான்கு முறை துறைக்குப் போய் வருவாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. பேசும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள்.

"ஏம்மா மோட்டாரம்மா, உனக்குப் பேரிங் போயிடும் போல" என்பார் அப்பா. அவள் சிரிப்பதற்குக்கூடச் சோம்பல்பட்டாள்.

நாட்காட்டியின் பின்பக்கத்தில் வரும் நாட்களின் இறக்க நேரங்களைக் கணக்கிட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதில் அரை மணி முன்பின் தவறு இருந்தது, இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு நடை மிச்சமானது. தண்ணீர் நல்ல தண்ணீரானது. அப்பாவின் சோப்பு நுரைத்தது. தெருவில் இப்போது ஜனங்கள் தைரியமாகக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். "என்னம்மா, நேத்து பத்துக்கு விட்டீங்க, இன்னிக்குப் பதினொண்ணு? நாங்க வேலைக்குப் போறதில்லையா?"

லாக் புக்கில் அம்மா உண்மையான நேரங்களையே எழுதினாள். 9.10. 10.00. 10.55. ஆணையில் ஐந்து மணி என்று இருக்கிறது. ஆறு மாத முடிவில் பார்க்கப் போவது இந்தப் புத்தகத்தைத்தான். உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன், நிலா படம் போட்டு, அம்புக்குறி போட்டு. பதில் இல்லை. இன்னும் இரண்டு எழுதினேன். அவர் கடல் ஒத்துக்கொள்ளாதவர், படகில் ஏறினாலே வாந்தி, அதனால் தீவுப் பக்கமே வரமாட்டார் என்று ஊரில் சொன்னார்கள்.

ஆறாம் மாதக் கடைசியில் அவர் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. வெளிறிய முகத்தோடு எங்கள் அறையில் வந்து உட்கார்ந்து, "ஒரு நிமிஷம், தரை நிக்கட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். அம்மா குழாய்த் தண்ணீரையே ஒரு டம்ளரில் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து வாளியில் முக்கினார். எண் வந்ததும் இன்னொரு முறை முக்கினார்.

"இந்தத் தீவுல இப்படி ஒரு ரீடிங் நான் பார்த்ததே இல்லம்மா. ரொம்ப நல்லது."

அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் லாக் புக்கைத் திறந்தார். முதல் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "இது என்னம்மா, ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கு?"

அம்மா சொன்னாள். படி, உப்பு, வாரம், எல்லாம் சொன்னாள். அவளுக்கு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை, நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொல்றது புரியுது" என்றார் அவர். "உங்க பொண்ணு கடிதமும் வந்துச்சு. நிலா நல்லா வரைஞ்சிருந்தது. மேல அனுப்பியிருக்கேன். ஆனா ஆணை இன்னும் மாறலையே. அஞ்சு மணிக்குப் போடணும்னு ஆணை இருக்கும்போது, பத்து ஐம்பத்தஞ்சுக்குப் போட்டதா எழுதியிருக்கீங்க. இதுக்கு நான் திருப்திகரம்னு கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் கழுத்துக்கு வரும்."

"தண்ணி நல்லா இருக்குல்ல சார்?"

"தண்ணி நல்லா இருக்கும்மா. புத்தகம் நல்லா இல்ல."

அவர் பையைத் திறந்து புதிய, வெற்று லாக் புக் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படகு பன்னிரண்டு மணிக்கு. ஒரு மணி நேரம் இருக்கு. நேரம் மாறின நாள்லேருந்து தங்கச்சி இதுல எழுதிட்டா முடிஞ்சிடும். முன்னாடி இருந்தவரு எப்படி எழுதினாரோ அப்படி. நான் கொஞ்சம் வெளியே காத்தாட நிக்கிறேன். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

அவர் வெளியே போனார். நான் பேனாவை எடுத்தேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அம்மாவைக் கேட்காமலே எடுத்தேன். ஒரு மணி நேரம் எழுதினால் அம்மா நிரந்தரம், அப்பாவுக்கு ஆட்டோ, எனக்குக் கரை. மூன்றாவது மாதத்தின் தேதியை எழுதி, 5.00 என்று போட்டேன். 7.00 என்று போட்டேன். அம்மாவின் ஐந்தைப் போலவே போட்டேன்.

"வேணாம்டி" என்றாள் அம்மா.

"அம்மா, சும்மா இரு. அவரே சொல்றாரு."

"வேணாம்."

"தண்ணியை நீ சரியாத்தானே விட்டே? அப்படியே விட்டுக்கோ. புத்தகத்துல மட்டும் அஞ்சு. யாருக்கு என்ன நஷ்டம்? இருபது வருஷம்மா! பர்மனென்ட்மா!"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு முடியலடி. ஒரு கடிகாரம் கடலுக்குப் பார்க்கணும், ஒண்ணு புத்தகத்துக்குப் பார்க்கணும். தினமும் போட்டது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. ரெண்டையும் மண்டையில வெச்சுக்க எனக்குத் தெம்பில்ல. எனக்கப்புறம் ஒருத்தி வருவா. இதைத் திறந்து பார்த்துட்டு, ஒழுங்கான பொம்பளன்னு சொல்லிட்டு அஞ்சு மணிக்குப் போடுவா. அவகிட்டயும் ஊரு வாயைத் திறக்காது."

நான் அப்பாவைப் பார்த்தேன். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனிதர், கால் விரலால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போகணும்னா போடி" என்றாள் அம்மா. "நான் பேசிக்கிறேன்."

அவள் செய்தது நேர்மையா, அசதியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் எழுதிய அந்த ஒரு வரியோடு புதிய புத்தகத்தைப் பொறியாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் தாளை மட்டும் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே ஆணையில் ஒரு வரி எழுதினார். கடலைப் பார்த்தார், முகம் சுருங்கியது, துறையை நோக்கி நடந்தார்.

"படி" என்றாள் அம்மா.

"சோதனைக் காலம் மேலும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது."

"நீட்டிக்கிறதுன்னா நிறுத்துறது இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

"அந்தப் பயலுக்குப் போன் போட்டு, இன்னும் ஆறு மாசம் ஆட்டோவை ஓட்டிக்கடான்னு சொல்லணும்" என்றார் அப்பா. "பிரேக்கை என்ன பண்ணி வெச்சிருக்கானோ." எழுந்து துறைப் பக்கம் போனார். பொறியாளரின் பையைப் படகு வரை தூக்கிக்கொண்டு போனது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

அம்மா சாப்பிடவில்லை. தலையணையும் இல்லாமல் அப்படியே தரையில் சரிந்து தூங்கிப்போனாள். நாட்காட்டியின் பின்பக்கத்தில் அன்றைய இறக்கம் ஒன்றரை மணி என்று நான் எழுதியிருந்தேன். துறைக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்பே கடல் இறங்க ஆரம்பித்திருந்தது. நாலாவது படி ஈரமாக மினுங்கிக்கொண்டு வெளியே நின்றது.

திரும்பி வந்து அம்மாவை எழுப்பக் குனிந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவில்லை.

பம்ப் ரூமின் சாவி ஆணியில் தொங்கியது. ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்ததை வரிசையாக ஞாபகப்படுத்திச் செய்தேன். குழாயின் காற்றை வெளியேற்றி, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பச்சை பட்டனை அமுக்கினேன். தரை அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள், இப்போது எழுந்து ஓடிவரப் போகிறாள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குறட்டையின் சுருதி மாறினாலே விழிக்கிறவள். அவள் வரவில்லை. தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட்டு, இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம். முதல் வால்வைத் திருக முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது முதல் குழாய் அக்கா வாசலிலிருந்து கத்தினார்: "அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்! உங்கம்மா எங்க?"

"தூங்குறாங்க."

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு மேல் அம்மா விழித்து, "மோட்டார்!" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

"போட்டாச்சும்மா. நிறுத்தியாச்சு. நாலு தெருவுக்கும் விட்டாச்சு."

நம்பாமல் எழுந்து போய் மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தொட்டியின் மட்டத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து லாக் புக்கைத் திறந்தாள். அன்றைய வரி காலியாக இருந்தது.

"ஏன் எழுதல?"

"நீ எழுதுவேன்னுதான். ஓட்டினவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல உன் பேருதானே வரணும்?"

"ஓட்டினது யாரு?"

"நான்."

பேனாவை என் பக்கம் தள்ளினாள். "அப்ப உன் பேரை எழுது."

"அம்மா, நான் ஆபரேட்டரே இல்ல. இதைப் பார்த்தா இன்னும் ஆறு மாசம் நீட்டுவாங்க!"

அவள் நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "எழுதுடி, பேசாம" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

என் பேரை எழுதினேன். போட்ட நேரத்தைப் பட்டனை அமுக்கும்போதே பார்த்து வைத்திருந்தேன். ஒன்று பன்னிரண்டு.